துணி வெட்டும் ரோட்டரி கட்டர்: விரல்களைக் காப்பது எப்படி?

தையலில் மிஞ்சும் துண்டுத்துணிகளை இணைத்து விரிப்பும் போர்வையும் செய்து விற்கும் பெண்களை யாழ்ப்பாணத்தில் சந்தித்திருக்கிறேன். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதிகளில் சிலருக்கு ரோட்டரி கட்டரும் வருகிறது. கைபிடியில் சுழலும் வட்டமான பிளேட் கொண்ட இக்கருவியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தியது. பரவலாகப் பயன்படுவது 45 மில்லிமீற்றர் அளவு. பல மடிப்புத் துணியை ஒரே இழுவையில் வெட்டிவிடும். விரல் குறுக்கிட்டால் அதையும் வெட்டும்.

பெரும்பாலும் காயப்படுவது கட்டரைப் பிடித்த கை அல்ல, அடிமட்டத்தை அழுத்தும் மற்றக் கை. அடிமட்டம் வழுக்கும், அல்லது பிளேட் அதன் மேலேறும். அங்கே விரல் நுனி இருக்கும்.

வெட்டும்போது

துணிக்குக் கீழே இதற்கென உள்ள வெட்டுப்பாயை விரியுங்கள். தடித்த, அகலமான பிளாஸ்ரிக் அடிமட்டத்தைப் பயன்படுத்துங்கள். மெல்லிய பாடசாலை அடிமட்டத்தில் பிளேட் எளிதில் ஏறிவிடும். விரல்கள் வெட்டும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். சின்னவிரலை அடிமட்டத்தின் மறுபக்க விளிம்புக்கு வெளியே பாயில் ஊன்றினால் அடிமட்டம் நகராது.

நின்றுகொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டுங்கள். நீளமான துணியென்றால் பாதியில் கட்டரை நிறுத்தி, கையை மேலே நகர்த்திய பின் தொடருங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேட்டை மூடுங்கள். நூல்கள் அறுபடாமல் விடுபட்டால் பிளேட் மழுங்கிவிட்டது. கூடுதலாக அழுத்தினால் வழுக்கும், பிளேட்டை மாற்றுங்கள். வெட்டுத்தடுப்புக் கையுறை காயத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது.

போரில் காயப்பட்ட கைகளுக்கு

இக்கருவிக்கான குறிப்புகள் பெரும்பாலும் இரு கைகளிலும் முழு உணர்வும் பலமும் உள்ளவர்களை நினைத்தே எழுதப்படுகின்றன. செல் சிதறலால் நரம்பு பாதிக்கப்பட்ட கை, விரல் விளிம்பைத் தாண்டியதை உணராது. அப்படியானவர்கள் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் விரல்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பிடி பலவீனமானால் அடிமட்டத்தின் இரு முனைகளையும் மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தக் கை துணிக்கு அருகில் வரவே தேவையில்லை. அதுவும் கடினமென்றால் கத்தரிக்கோலே போதும். வேலை மெதுவாகும், விரல் மிஞ்சும்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் போடாதீர்கள். மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். காயம் சிறிதானாலும் விரல் மடங்காவிட்டால், அல்லது புதிதாக மரத்துப்போனால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பழைய பிளேட்டுகளைத் தகரப் பேணியில் போட்டு ஒட்டி மூடுங்கள். குப்பை எடுப்பவருக்கும் விரல்கள் உண்டு. வாழ்வாதார உதவியாக கட்டர் கொடுப்பவர்கள் அதனுடன் வெட்டுப்பாய், தடித்த அடிமட்டம், கையுறை ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். கைத்தொழிலை நம்பியிருக்கும் குடும்பத்தில் ஒரு விரல் காயப்பட்டால் பல வார வருமானம் நின்றுவிடும்.