ஓடத்துறையும் அநுமதிக் கடிதமும்

கொழும்பு கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் வழிவந்த பெயர். பெருந்துறை என்பது பொருள். களனியாற்றைக் கடக்க மக்கள் அங்கே ஓடத்துக்காகக் காத்திருந்தனர். 1822இல் படகுப்பாலம் அமைந்ததும் அக்காத்திருப்புக் குறைந்தது.

அந்நகரில் 1870இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. பின்னாளில் அங்கே இடம் நாடிய மாணவர் பலர், பரீட்சை எழுதியபின் அநுமதிக் கடிதத்துக்காகத் தபாற்காரரை எதிர்பார்த்திருந்தனர். 1971இல் நிகழ்ந்ததோ புதுமை. அவ்வாண்டு அநுமதியில் மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூலம் எழுதியோர்க்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் எழுதியோர்க்கு 229 புள்ளிகளும் வேண்டப்பட்டன. இதுவே தரப்படுத்தலின் தொடக்கம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது.

ஓடத்துறையில் நின்றவர்க்கு அக்கரை எதுவென்று முன்பே தெரியும். இம்மாணவர்க்கோ, பரீட்சை முடிந்த பின்னரே அது தெரியலாயிற்று.