ஒரு மூச்சின் தூரம் – நீண்ட துடுப்புகளின் கதை

மீனின் உடலில் இருப்பதும் துடுப்பு, படகோட்டியின் கையில் இருப்பதும் துடுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட தமிழில், மனிதன் தன் காலில் மாட்டிக்கொண்டு நீந்தும் அலகுக்கு மட்டும் நிலைத்த பெயர் ஏற்படவில்லை. தெரிந்தவர்கள் 'ஃபின்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலையும் துடுப்பையும் இலக்கணப்படி புணர்த்திப் பார்த்தால் 'காற்றுடுப்பு' என்று வந்து, காற்றை உடுத்திக்கொண்டதாகப் பொருள் மயங்குகிறது. மூச்சை அடக்கி மூழ்குகிறவனிடம் இல்லாத ஒரே பொருள் காற்றுதான். ஆகவே இந்தக் கட்டுரையில் வெறும் துடுப்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதுகில் காற்றுக் கலம் சுமந்து இறங்குகிறவர்கள் அணியும் துடுப்பு குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். கலம் ஏதுமின்றி, மேலே இழுத்த ஒரே மூச்சில் இறங்கி ஏறுகிறவர்களும், அப்படி இறங்கி ஈட்டியால் மீன் வேட்டையாடுகிறவர்களும் அணிவது நீண்ட துடுப்பு. குதிகாலிலிருந்து நுனிவரை 80 முதல் 100 சென்டிமீட்டர் வரை இருக்கும். இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டால், வேகத்துக்கு என்றே எவரும் சொல்வார்கள். இரண்டு நூற்றாண்டுக் காலம் இதைச் செய்து பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நீண்ட துடுப்பின் கதை வேகத்தை விட்டுச் சிக்கனத்துக்கு வந்து சேர்ந்த கதை என்பது என் எண்ணம்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமிருந்து தொடங்கலாம். 1773இல் ஒரு பிரெஞ்சு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தாம் சிறுவனாக இருந்தபோது செய்த சோதனை ஒன்றை அவர் நினைவுகூர்கிறார். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டைப் போல, கட்டைவிரல் நுழையத் துளையிட்ட இரண்டு மரப் பலகைகளைக் கைகளில் பிடித்துக்கொண்டு நீந்தியிருக்கிறார். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. பிறகு பாதங்களின் அடியிலும் மிதியடி போன்ற பலகைகளைக் கட்டிப் பார்த்தார். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. அதற்கு அவர் கண்ட காரணம் மிகக் கூர்மையானது: நீந்தும்போது நீரை உதைப்பது உள்ளங்கால் மட்டுமல்ல, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் சேர்ந்துதான் உதைக்கின்றன.

தமக்குத் தெரிந்த நீச்சலைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்றைய ஐரோப்பியர் நீந்தியது தவளையைப் போல. கால்களை மடக்கி, அகட்டி, சேர்த்து. அந்த அசைவுக்குத் துடுப்பு இடைஞ்சலே. கால்களை நீட்டி மாறிமாறி மேலும் கீழும் அசைக்கும் முறை அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் பசிபிக் தீவு மக்களிடமும் இருந்தது. 1844இல் லண்டனில் இரண்டு பூர்வகுடி வீரர்கள் அப்படி நீந்திக் காட்டியபோது, தண்ணீரைக் கண்டபடி வாரியடிக்கும் அநாகரிகம் என்று ஆங்கிலேயர்கள் முகம் சுளித்தார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற இளைஞனின் நீச்சலைப் பார்த்த பிறகே அந்த உதை ஆஸ்திரேலியாவின் வழியாக உலகப் போட்டிகளுக்குள் நுழைந்தது. துடுப்பு பிறப்பதற்கு முன் அதற்கேற்ற கால் பிறக்க வேண்டியிருந்தது. ஃபிராங்க்ளினின் அறிவுக்குக் குறையொன்றுமில்லை; அவருடைய கால்தான் வேறு பள்ளியில் படித்தது.

இன்றைய துடுப்பின் தகப்பன் என்று லூயி தெ கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியைச் சொல்லலாம். 1914இல் தம் சக அதிகாரிகளின் முன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். 1924இல் கடற்படையை விட்டு விலகி இதிலேயே மூழ்கினார். காப்புரிமை பெற்றது 1933இல். அதில் அவர் இதற்கு வைத்த பெயர் நீச்சலுக்கும் உயிர்மீட்புக்குமான உந்துகருவி. விற்பனைக்காகத் தயாரிக்கத் தொடங்கியது 1939இல். அதாவது உலகப் போர் மூண்ட ஆண்டில்.

அமெரிக்காவில் அதை எடுத்துச்சென்றவர் ஓவன் சர்ச்சில். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். தாஹிட்டித் தீவில் சிறுவர்கள் காலில் எதையோ கட்டிக்கொண்டு பாய்ந்து நீந்துவதைப் பார்த்ததுதான் அவருக்குத் தூண்டுதல் என்பார்கள். (மறுபடியும் பசிபிக்!) கோர்லியூவிடம் உரிமம் பெற்று 1940இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த ரப்பர்த் துடுப்பு முதல் ஆண்டில் ஆயிரம் ஜோடிகூட விற்கவில்லை. பிறகு போர் அதை வாங்கிக்கொண்டது. நேச நாடுகளின் தவளை மனிதர்கள் எதிரியின் கரைகளை வேவு பார்க்கவும் தடைகளைத் தகர்க்கவும் துடுப்பணிந்து நீந்தினார்கள். இங்கும் தேவைப்பட்டது வேகமும் விசையும்தான்.

நிற்க. நம் கதை வேறொரு கடலில் நடக்கிறது. 1930களில் பிரான்சின் தென்கரையில், நீர்க்கண்ணாடி அணிந்து மூச்சடக்கி மூழ்கி மீனை ஈட்டியால் குத்தும் பொழுதுபோக்கு பரவியது. ஆன்டீப் பகுதியில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கை கில்பாட்ரிக் 1938இல் அதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். துலோனில் ஃபிலிப் தாயே, ஃப்ரெடரிக் துமா, ஜாக் கூஸ்தோ என்ற மூவர் அதில் பித்துப்பிடித்துத் திரிந்தார்கள். கூஸ்தோவை நாம் காற்றுக் கலத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் 1942இல் அவர் எடுத்த முதல் நீரடிப் படத்தில் கலம் ஏதும் கிடையாது. பதினெட்டு மீட்டர் ஆழம், ஒரு மூச்சு, ஓர் ஈட்டி, அவ்வளவே.

போருக்குப் பின் இந்தக் கலை இத்தாலியில் உச்சத்துக்குச் சென்றது. அதில் லூயிஜி ஃபெர்ராரோ என்ற மனிதரைக் குறிப்பிடாமல் நகர முடியாது. 1943இல் துருக்கியின் துறைமுகங்களில் தன்னந்தனியாக இரவில் நீந்திச் சென்று எதிரிக் கப்பல்களின் அடியில் வெடிகளைப் பொருத்தியவர். போர் முடிந்ததும் ஜெனோவாவின் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்தில் 'ரோந்தினே' என்ற துடுப்பை உருவாக்கினார். இத்தாலியில் அது தைலான் குருவியின் பெயர். அதுவரை துடுப்புகள் குதிகாலில் வாரால் கட்டப்பட்டன. ஃபெர்ராரோவின் துடுப்பில் குதிகால் உட்பட முழுப் பாதமும் ரப்பர் உறைக்குள் சென்றது. சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் காலுக்கும் அலகுக்கும் இடையில் இருந்த தளர்வு அத்தோடு போயிற்று. இனி அலகை நீட்டலாம்.

அதன்பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. கலம் சுமப்பவருக்குத் தூக்கிச்செல்ல எடை அதிகம், மூச்சுக்குப் பஞ்சமில்லை. அவருடைய துடுப்பு குட்டையாகி விறைத்தது. மூச்சடக்கி இறங்கும் வேட்டைக்காரரின் துடுப்பு நீண்டு மென்மையாகியது. ரப்பர் அலகின் இடத்தில் பிளாஸ்டிக் வந்தது, பிறகு கண்ணாடி இழை, கடைசியில் கார்பன் இழை.

ஏன் நீளம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். நீரைப் பின்னே தள்ளினால் நாம் முன்னே போகிறோம். ஒரே உந்துதலைப் பெற இரண்டு வழிகள் உண்டு. கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளலாம். நிறைய நீரை மெதுவாகத் தள்ளலாம். இருமடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்துதல் அதேதான், ஆனால் நீரோடு போய்த் தொலையும் ஆற்றல் பாதியாகிவிடும். அந்த ஆற்றலுக்கு விலை தொடைத் தசை எரிக்கும் பிராணவாயு. நீண்ட அலகு மெதுவாக அசைந்து நிறைய நீரைத் தள்ளுகிறது. அது மிச்சப்படுத்துவது மூச்சை.

இதை மனத்தில் வைத்தால் தேர்வு எளிதாகிறது. கடைக்குப் போகிறவர் முதலில் அலகைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது பாத உறையை. உள்ளே அணியும் நியோப்ரீன் காலுறையோடு சேர்த்து அளவு பார்க்க வேண்டும். உறை தொளதொளத்தால் பாதம் உள்ளே உரசிக் கொப்புளம் போடும், உதையின் விசை பாதி வழியில் கரையும். இறுக்கமானால் அரை மணியில் கால் மரத்துப்போய்க் குறக்களி பிடிக்கும். அடுத்தது விறைப்பு. மென்மை, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். கடினமான அலகு பலசாலிக்கு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். நாள் முழுக்க அறுபது, எழுபது முறை மூழ்கி எழுகிற வேட்டைக்காரருக்கு எத்தனை பலம் இருந்தாலும் மாலைக்குள் தொடை கல்லாகிவிடும். புதியவருக்கு மென்மையான பிளாஸ்டிக் அலகே உகந்தது. கார்பன் இழை எடையற்றது, வளைந்த வேகத்தில் நிமிரும், கைப்பிடியாகப் பணத்தையும் கேட்கும். பாறையில் ஒருமுறை தட்டினால் கீறல் விழும். ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் பாறைகளுக்கிடையே மீன் தேடுகிறவர் அதை வாங்குவது, சேற்று வயலுக்குப் பட்டு வேட்டி கட்டிப்போவது போலத்தான்.

அலகு பாதத்துக்கு நேர்கோட்டில் இராமல் ஏறத்தாழ இருபது டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். எவ்வளவு நீட்டினாலும் பாதம் முன்னங்காலின் நேர்க்கோட்டுக்கு வராது என்பதால், அந்தக் குறையை அலகு ஈடுகட்டுகிறது. இரு ஓரங்களிலும் ஓடும் ரப்பர் விளிம்புகள் நீரைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்து வைக்கின்றன.

வாங்கியதும் வேலை முடிவதில்லை. பழக வேண்டும். அணிந்துகொண்டு முன்னோக்கி நடந்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். இடுப்பளவு நீரில் நின்று மாட்டிக்கொள்வது உத்தமம். முதல் சில நாள்கள் மேற்பரப்பிலேயே, மூச்சுக்குழாய் வைத்துக் குப்புறப் படுத்து நீந்திப் பார்க்க வேண்டும். எல்லோரும் செய்யும் பிழை சைக்கிள் மிதிப்பது. முழங்கால் மடங்கி முன்னே வந்தால் அலகு நீரைத் தள்ளாமல் கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும். உடம்புக்கு அதுவே சுலபமாகத் தெரியும் என்பதுதான் ஏமாற்று. அசைவு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் சற்றே இளகியிருக்க, பாதம் நடனக்காரியின் பாதம்போல் நீண்டிருக்க, கீழ்நோக்கிய உதைக்குச் சமமான அக்கறை மேல்நோக்கிய உதைக்கும் வேண்டும். பின்தொடைத் தசை மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சில வாரங்களில் பழகிவிடும்.

மூழ்கும்போது இடுப்பை மடக்கித் தலைகீழாகி, கால்களை வானோக்கித் தூக்கி, அவற்றின் எடையே உடலை அழுத்த விட வேண்டும். அலகு முழுவதும் நீருக்குள் போகுமுன் உதைத்தால் சத்தம்தான் மிச்சம்; மீன்கள் கேட்டுவிடும். முதல் பத்து மீட்டரில் உடல் மிதக்கப் பார்க்கும், அங்கே உழைப்பு தேவை. அதற்குக் கீழே நீரின் அழுத்தத்தில் நுரையீரலும் நியோப்ரீன் உடையும் சுருங்க, ஒரு கட்டத்தில் உடல் தானே இறங்கத் தொடங்கும். அப்போது கால்களை நிறுத்திவிட வேண்டும். அனுபவசாலிகள் துடுப்பின் பெரும்பயன் அதை அசைக்காத நேரத்தில்தான் என்பார்கள்.

ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லை மிதித்து இறங்கினார். சிப்பிகளை வாரியபின் கயிற்றை அசைத்தால் தோணியில் இருந்தவர் இழுத்து மேலேற்றினார். இறக்கியது கல், ஏற்றியது இன்னொரு மனிதனின் கை. அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது விடமாட்டான் என்று நம் கடற்கரையில் சொல்வதுண்டு. துடுப்பு வந்ததும் கல் தேவையில்லை, கயிறு தேவையில்லை. மச்சானும் தேவையில்லை என்று முக்குளிப்பவர் நினைத்துக்கொண்டார்.

1961இல் ஆல்பர்ட் கிரெய்க் என்ற அமெரிக்க மருத்துவர், நீருக்கடியில் நீந்தும்போது நினைவிழந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுவதால் இரத்தத்தில் பிராணவாயு குறிப்பிடும்படி கூடுவதில்லை, கரியமிலவாயுதான் குறைகிறது. மூச்சு விடு என்று நெஞ்சை முட்டுவது அந்தக் கரியமிலவாயுவே. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தீயோடு விளையாடும் காரியம் இது. ஆழத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அந்த அழுத்தம் எஞ்சிய பிராணவாயுவை மூளைக்குப் போதுமானதாகக் காட்டும். மேலேறும்போது கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாகிறது. கீழே தெளிவாக இருந்தவர், வெளிச்சம் கண்ணில் படும் தூரத்தில், எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவிழக்கிறார். நல்ல துடுப்பு இதைத் தடுப்பதில்லை. ஏற்றம் சுலபம் என்ற நம்பிக்கையில் இன்னும் சில நொடி கீழே நிற்க வைப்பதும் அதுதான்.

இன்னும் சில நொடி என்பது மீனுக்கும் பொருந்தும். பிரான்சிலும் இத்தாலியிலும் காற்றுக் கலத்தோடு ஈட்டி வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை. மனித மூச்சின் குறுமையே மீனுக்குக் காவல் என்பது அதன் உட்கிடை. துடுப்பு அந்தக் காவலை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. மத்தியதரைக் கடலின் பெரிய களவா மீன், மனிதனைக் கண்டால் ஓடாமல் தன் பொந்தின் வாயிலில் நின்று பார்க்கும் இயல்புடையது. அது பெண்ணாக வளர்ந்து முதுமையில் ஆணாக மாறும் இனமும்கூட. வேட்டைக்காரர் பெரியதையே குறிவைத்ததால் ஆண்களே முதலில் அழிந்தன. 1963இல் போர்க்ரோ தீவு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1993இல் பிரான்சின் மத்தியதரைக் கரையில் களவாவை ஈட்டியால் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. இன்று போர்க்ரோ பாறைகளில் களவாக்கள் ஆழமற்ற நீரிலும் காணக் கிடைக்கின்றன.

2015 ஆகஸ்டில், மூச்சடக்கி மூழ்குவதில் உலகச் சாதனைகளைக் குவித்த ரஷ்யப் பெண்மணி நத்தாலியா மொல்சனோவா, ஸ்பெயினின் ஃபார்மென்டெரா தீவருகே மூழ்கியவர் திரும்பவில்லை. நூறு மீட்டர் ஆழம் கண்டவருக்கு அன்று இறங்கிய ஆழம் சாதாரணமானது. உடல் கிடைக்கவேயில்லை.

இப்போது பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லித்தருவது துடுப்பசைப்பதை அல்ல. இருவராகச் செல்ல வேண்டும். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். ஏறுபவரின் கடைசிப் பத்து மீட்டருக்கு மேலிருப்பவரும் இறங்கிச் சென்று முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டே உடன் ஏறுகிறார். தலை நீருக்கு மேல் வந்து, முதல் மூச்சு உள்ளே போய், அரை நிமிடம் கழியும்வரை அவர் பார்வையை எடுப்பதில்லை.