ஆர்மோனியம் வந்த வழி

சுவா வட்டாரத்திலும் நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டங்களிலும் வாழ்ந்த நம் முன்னோர் ரப்பர் மரங்களை மட்டுமா வளர்த்தார்கள்? பாட்டையும் வளர்த்தார்கள். மாரியம்மன் கோவில் திருவிழாவிலும் மார்கழி பஜனையிலும் அந்தப் பாட்டுக்குத் துணை நின்ற பெட்டி ஆர்மோனியம். அது எப்படி நம்மிடம் வந்தது? பழைய ஆர்மோனியம் ஒன்று கிடைத்தால் அதை எப்படிப் பார்த்து எடுப்பது? இந்த இரண்டையும் இன்று அறிந்துகொள்வோம்.

மேனாட்டாரின் பெரிய இசைக்கருவி பியானோ. இழுத்துக் கட்டிய கம்பிகளைச் சிறு சுத்தியல்கள் தட்டுவதால் அது ஒலிக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்தால்தான் அதை நகர்த்த முடியும். விலையோ வசதி படைத்தவர்களுக்கே எட்டும். 1842-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அலெக்சாண்டர் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதில் கம்பி கிடையாது. துருத்தியிலிருந்து வரும் காற்று மெல்லிய பித்தளை நாக்குகளை அதிரச் செய்கிறது. காலால் மிதித்து வாசித்த அந்தக் கருவியை, கையால் துருத்தி போடும் சிறு பெட்டியாக மாற்றி அமைத்தவர்களுள் முதல்வராகக் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷைச் சொல்வார்கள். தரையில் அமர்ந்து பாடும் வழக்கமுள்ள நமக்கு அது மிகவும் பொருத்தமாகிவிட்டது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தமிழ் நாடக மேடைக்கு உயிர்நாடியாக இருந்தது ஆர்மோனியமே. உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று இன்றும் நாம் சுருதியைச் சொல்கிறோமே, அது இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணி வந்த பேச்சுதான்.

ஆனால் சங்கீத அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலிதான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், சுரத்தை அசைத்துக் கமகம் காட்டவும் அதனால் இயலாது. இந்தக் குறை உண்மையானதே. இதனால் 1940 மார்ச் முதல் நாள் தொட்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

வானொலி கதவை அடைத்தாலும் மக்கள் அடைக்கவில்லை. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் நடுவே பாவலர் வரதராசன் பாடினார். அவருடைய குழுவில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த தம்பிதான், 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்த இளையராஜா.

அதே 1976-இல் ஜப்பானின் யமாஹா நிறுவனம் சி.பி.70 என்ற மின்பியானோவை வெளியிட்டது. அதிலும் கம்பியும் சுத்தியலும் உண்டு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதால் பெரிய ஒலிப்பலகை தேவைப்படவில்லை. இரண்டாகப் பிரித்து ஊர் ஊராகக் கொண்டு போகலாம். ஆயினும் கம்பிகளுக்கு அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும். ஆர்மோனியத்தின் பித்தளை நாக்கோ பல ஆண்டுகள் சுருதி மாறாமல் நிற்கும். ஏழை வீட்டுக்கும் அது ஏற்றதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பழைய ஆர்மோனியத்தைப் பார்த்து எடுக்கும் முறைக்கு வருவோம். பளபளப்பைக் கண்டு மயங்கக் கூடாது. முதலில், கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தி போட்டுக் காற்றை நிரப்புங்கள். காற்று விரைவில் இறங்கிவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. தொடாத கட்டை தானே ஒலித்தால் அதன் வில் தளர்ந்திருக்கும். அடுத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஒலிக்காத நாக்கு கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வேளைகளில் தூசிதான் அடைத்திருக்கும். மெல்லிய தாளை நாக்கின் அடியில் பக்குவமாக விட்டு எடுத்தால் சரியாகலாம். ஆனால் நாக்கு விரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மரத்தில் கரையான் அரிப்பு உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருதி சேர்ப்பது பழகியவர் செய்யும் வேலை. நாக்கின் நுனியைச் சுரண்டினால் ஒலி உயரும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் தாழும். ஓர் இழை கூடிவிட்டாலும் நாக்கு பாழாகும். ஆகையால் நாமே கத்தியை எடுக்க வேண்டாம்.

நம் நாட்டின் ஈரக் காற்றில் மரம் ஊதிக் கட்டைகள் இறுகும். துருத்தியின் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது வாசியுங்கள். வாசிப்பதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

நேயர்களே, தோட்டங்கள் கைமாறின. பல குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட்டன. கோவில் சாமான் அறையில் பழைய ஆர்மோனியம் கிடந்தால், அதை விறகாக்கும் முன் ஒருமுறை துருத்தி போட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுத் தடையையும் தாண்டி அந்தப் பெட்டியைக் காத்தவர்கள் சாதாரண மக்களே. இனியும் அதைக் காக்கப் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்.