பெயர் தோன்றாப் பெருங்கூட்டம்

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வெளிவந்த 'சந்திரலேகா'வைக் கண்டவர் எவரும் அதன் முரசு நடனத்தை மறந்திருக்க இயலாது. அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக நிற்கும் மாபெரும் முரசங்கள். அவற்றின்மேல் ஆடும் மங்கையர். ஆட்டம் முடிந்ததும் முரசங்களைத் திறந்துகொண்டு வெளிப்பட்டுக் கோட்டையைத் தாக்கும் வீரர்கள். ஏறத்தாழ 400 நடனக் கலைஞர்கள் ஆறு திங்கள் நாள்தோறும் பயிற்சி பெற்று ஆடியது அது என்பர். படத்தின் பெயர்ப் பட்டியலில் டி. ஆர். ராஜகுமாரி உண்டு, எம். கே. ராதா உண்டு, ரஞ்சன் உண்டு. ஆடிய நானூற்றுவருள் ஒருவரேனும் தம் பெயரை அங்குக் கண்டு மகிழ்ந்திருக்க வழியில்லை.

நானூறு என்னும் எண் தமிழ் கற்றோர்க்கு வேறொன்றையும் நினைவூட்டும். அகத்தையும் புறத்தையும் சொல்லவில்லை; தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டைச் சொல்கிறோம். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களினின்றும் வரவழைத்துக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு; பங்கொன்றுக்கு நூறு கலம் நெல். மன்னனின் கணக்கர் அதை அன்பினால் எழுதினாரென்று கொள்ள வேண்டியதில்லை. நெல் அளக்க வேண்டியிருந்தது, எழுதினார். ஆயினும் ஆயிரம் ஆண்டு கடந்து அந்தப் பெயர்கள் நிற்கின்றன. கல்லைவிட எளிதில் எழுதத்தக்க படச்சுருள் வாய்த்த நூற்றாண்டில் நானூறு பேர் பெயரின்றிப் போயினர்.

இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் கூறப்படுவதுண்டு. அக்காலப் படங்களில் பெயர்கள் தொடக்கத்தில் மட்டுமே காட்டப்பெற்றன. சில அட்டைகளுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. படம் முடிந்தபின் நீண்ட பட்டியல் ஓடும் வழக்கம் பின்னர் வந்தது. காரணம் பொருந்துவதே. ஆனால் அடையாற்று மீனாட்சி சினிடோனில் 1934இல் எடுக்கப்பெற்ற 'பவளக்கொடி'யைப் பற்றித் திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை எழுதிய செய்தி ஒன்று இந்தக் காரணத்தைச் சற்றே அசைத்துவிடுகிறது. கே. சுப்பிரமணியம் இயக்கிய அப்படம் கதிரவன் ஒளியில் எடுக்கப்பட்டது. நண்பகல் உணவு முடிந்ததும் எச்சிலைத் தேடிக் காக்கைகள் கூடும். அவற்றின் கரைதல் பாகவதரின் பாட்டோடு பதிவாகிவிடும். அவற்றை விரட்டக் காற்றுத் துப்பாக்கியோடு ஜோ என்னும் ஆங்கிலோ இந்தியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் பெயர் 'காக்கை சுடுபவர்' என்ற குறிப்போடு படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றதாம்! ஆக, இடம் இல்லாமற் போகவில்லை. யாருக்கு இடம் என்பதே வினா.

மயிலாப்பூரிலும் இதன் தொடக்கக் கதை ஒன்றுண்டு. 1934இல் பிரபாத் நிறுவனத்தார் வெளியிட்ட 'சீதா கல்யாண'த்தில் வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் குடும்பமே நடித்தது. தந்தை சனகர், மூத்த மகன் எஸ். ராஜம் இராமன், மகள் ஜெயலட்சுமி சீதை. அண்ணனே இராமன், தங்கையே சீதை என்னும் அமைதியை அக்காலம் பொறுத்துக்கொண்டது. இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக ஓரிரு கணம் தோன்றியவன் இளைய மகன். ஏழு வயதும் நிரம்பியிராத அச்சிறுவனே பிற்காலத்தில் வீணை எஸ். பாலசந்தராக விளங்கி, 1954இல் பாடலே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவர். கூட்டத்தில் ஒரு முகமாக நுழைந்து தலைவாசல் வழியே வெளிவந்தவர் வேறு சிலரும் உளர். 1936இல் 'சதி லீலாவதி'யில் காவல் ஆய்வாளராகச் சிறு வேடம் ஏற்ற எம். ஜி. இராமச்சந்திரன் 1947இல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாகும் வரை பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். பின்னர் அடையாற்றிலேயே சத்யா ஸ்டூடியோவுக்கு உரிமையாளரானார். அவ்விடத்தில் இன்று மகளிர் கல்லூரி நடக்கிறது. இத்தகைய வரலாறுகள் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஏறியவர்களின் கதையைச் சொல்லியே ஏறாதவர்களை மறைத்துவிடும் பழக்கம் திரை வரலாற்றுக்கு உண்டு. ஆகவே அதை இம்மட்டில் நிறுத்தலாம்.

ஏறாதவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பத்திரிகைகளைவிட இலக்கியமே பதிந்துவைத்திருக்கிறது. 1952 முதல் 1966 வரை ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன் அந்நிறுவன நாள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுநூலில் ஒப்பனைப் பிரிவைக் காட்டும் பகுதி ஒரு சமூகவியல் ஆவணம் எனத் தகும். கிளைவின் குதிரை லாயம் என நம்பப்பட்ட கட்டடத்தின் மாடி, நாற்புறமும் சுடும் விளக்குகள், பெரிய கண்ணாடிகள். தலைமை ஒப்பனையாளர் நாயக நாயகியரின் முகத்தை மட்டுமே தொடுவார். அவருக்கு அடுத்தவர் இரண்டாம் நாயக நாயகியரை. அதற்கும் அடுத்தவர் நகைச்சுவை நடிகரை. கூட்டமாக வரும் துணை நடிகர்களோ 'ஆபீஸ் பையன்' பொறுப்பு. அந்தப் 'பைய'னுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் அவர் பெரிய பாத்திரம் ஒன்றில் வண்ணத்தைக் கரைத்துவைத்துக்கொண்டு, வருவோர் முகங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அப்பிவிடுவார். முகத்தின் நுண்துளை ஒவ்வொன்றையும் அடைத்துவிடுவதே நோக்கம்.

கவிஞர்கள் கூடிய மன்றத்தின் மலரில் ஒன்றைக் குறிக்காமல் இருக்க முடியாது. அந்த ஆபீஸ் பையரும் ஒரு கவிஞர். நடிகராகவோ இயக்குநராகவோ பாடலாசிரியராகவோ ஆகலாமென்று ஜெமினிக்குள் நுழைந்தவர். வாய்ப்புத் தவறியதால் தம் மனக்குறை முழுவதையும் கொத்தமங்கலம் சுப்புவின்மேல் ஏற்றி, பத்திரிகைத் துணுக்குகளை வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் அசோகமித்திரனிடம் மணிக்கணக்கில் கொட்டுவாராம். பெயரற்ற முகங்களுக்கு வண்ணம் பூசிய கைக்கும் பெயர் இல்லை. அந்நூலிலும் அவர் 'ஆபீஸ் பைய'னாகவே நின்றுவிட்டார்.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' சிறுகதை இவ்வுலகின் உச்சம் எனலாம். 'டைகர் ஃபைட்' என்பதை 'டகர் பாயிட்' என்று சொல்லிக்கொண்டு வரும் காதர், ஸ்டூடியோவின் கதை இலாகா அறையில் புலியாகவே மாறிக் காட்டுகிறான். பிறகு மீண்டும் வேலை கேட்டு நிற்கும் எளிய மனிதனாகிறான். வாய்ப்பு ஒன்று உருவாகி அவனுக்குக் கடிதம் எழுதும்போது, ஆள் அந்த முகவரியில் இல்லை, கடிதம் திரும்பிவிடுகிறது. துணை நடிகரின் வாழ்வில் முகவரிக்கு இருந்த இடத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன படைப்பு அரிது. வேலை நாள்தோறும் வருவதன்று. ஏஜெண்டு சொல்லியனுப்பும்போது கிடைக்க வேண்டும். கூலியில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வீடு மாறினால் வாய்ப்பும் மாறிப்போகும். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இவர்கள் நெருங்கி வாழ்ந்தமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1969இல் நூலான 'கரைந்த நிழல்கள்' நாவலும் நட்சத்திரங்களைவிட அவர்களைச் சுற்றி உழைத்த சிறு மனிதர்களையே பின்தொடர்கிறது. தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அவ்வெழுத்தாளர் 2017இல் மறையும் வரை இந்த உலகை விட்டு முற்றும் விலகவில்லை.

ஆலிவுட்டிலும் நிலை இதுவே. எனினும் அங்கு ஏடு இருந்தது. ஸ்டூடியோ வாயில்களில் கூட்டம் மொய்ப்பதைத் தவிர்க்க 1925இல் நடிகர்களைப் பதிவுசெய்து அனுப்பும் பொது அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. நல்லாடை சொந்தமாக வைத்திருப்பவருக்குக் கூலி கூடுதல். பெஸ் பிளவர்ஸ் என்னும் அம்மையார் தம் ஆடைப் பெட்டியின் துணையால் விருந்துக் காட்சிகளில் மட்டுமே நூற்றுக்கணக்கான படங்களில் தோன்றினார். பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. அவற்றுள் ஐந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றவை. பிற்கால ஆர்வலர்கள் படம் படமாக நிறுத்திப் பார்த்து அவர் முகத்தைக் கண்டெடுத்துப் பட்டியலிட்டனர். தமிழில் அத்தகைய உழைப்பு இன்னும் தொடங்கவில்லை என்பது வருந்தத்தக்கது. தியாகராய நகர் அபிபுல்லா சாலையில் இடம்கொண்ட தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் தோன்றியது. நடிகர்களின் உரிமை பேசப்பட்டது. பெயர்ப் பட்டியல் பற்றிய பேச்சு மட்டும் கூலிப் பேச்சின் பின்னாலேயே நின்றது. பசித்தவர் முதலில் கூலியைக் கேட்டதில் பிழையில்லை.

தமிழ் மரபு இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருந்தது. பெயர் தெரியாத சங்கப் புலவர்களைத் தொகுத்தோர் கைவிடவில்லை. செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என அவரவர் பாடலின் உவமையையோ காட்சியையோ பெயராகச் சூட்டினர். திரையுலகிலும் பொதுமக்கள் அறியாமலே இதைச் செய்தனர்: 'என்னத்தே' கன்னையா, 'டைப்பிஸ்ட்' கோபு. ஒரு சொல்லோ ஒரு வேடமோ ஒருவருக்கு நிலைத்த முன்னொட்டாயிற்று. ஆனால் அதற்கும் ஒரு வசனமாவது கிடைத்திருக்க வேண்டும். முரசின்மேல் ஆடியவர்களுக்கு வசனம் இல்லை.

ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று உயர்தர விடுதி நிற்கிறது; 1973இல் கட்டிய மேம்பாலம் மட்டும் மக்கள் வாயில் ஜெமினி எனப் பெயர் தாங்குகிறது. 'சந்திரலேகா' அழியாமல் இருக்கிறது. முரசு நடனம் வரும்போது படத்தை நிறுத்தினால், ஒளிப்பதிவுக்கருவி மிக அருகில் வரும் சில கணங்களில், முன்வரிசைப் பெண்கள் சிலரின் முகங்கள் தெளிவாகவே தெரிகின்றன.