அக்கோனிட்டம் கார்மைக்கேலி

அக்கோனிட்டம் கார்மைக்கேலி, ரனன்குலேசி குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் நச்சுச் செடி. சீனாவும் வட வியட்நாமும் இதன் தாயகம். நீலப் பூக்களுக்காக மேலைநாட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. சீன மருத்துவத்தில் இதன் கிழங்கு ஹான் பேரரசுக் காலம் தொட்டுப் புழங்கி வருகிறது. பச்சைக் கிழங்கு உயிரைப் பறிக்கக்கூடியது. முறையாக வேகவைத்துப் பதப்படுத்திய பின்னரே மருந்தாகிறது.

செடியின் அமைப்பு

60 முதல் 150 செ.மீ. வரை நிமிர்ந்து வளரும். இலைகள் ஆழமாகப் பிளவுபட்டு மூன்று மடல்களாகத் தோன்றும். கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் தண்டின் நுனியில் கொத்தாகப் பூக்கும். நீலமாகத் தெரிபவை அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். ஐந்தில் மேலே உள்ளது தலைக்கவசம் போல வளைந்து பூவை மூடியிருக்கும். தேன் சுரக்கும் இரண்டு அல்லி இதழ்கள் அதனுள் மறைந்திருப்பதால், உள்ளே நுழைந்து செல்லும் பெரிய வண்டுத்தேனீக்களே மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன.

மண்ணுக்கடியில் ஒரு தாய்க்கிழங்கும் அதன் பக்கத்தில் சேய்க்கிழங்குகளும் இருக்கும். சீன மருத்துவம் இவற்றை இருவேறு சரக்குகளாகக் கொள்கிறது: தாய்க்கிழங்கு சுவான்வூ, சேய்க்கிழங்கு ஃபூட்ஸி. இந்தச் சிற்றினத்தை 1879இல் அறிவியல் முறைப்படி விவரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒடோன் டெபோ.

நஞ்சு

செடியின் எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உண்டு, கிழங்கில் மிகுதி. அக்கோனிட்டின், மெசக்கோனிட்டின், ஹைப்பக்கோனிட்டின் ஆகிய ஆல்கலாய்டுகளே முதன்மையானவை. நரம்பு, இதயத்தசைச் செல்களில் சோடியம் நுழையும் வாயில்களை இவை மூடவிடாமல் திறந்தே வைக்கின்றன. அதனால் செல்கள் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

வாயும் நாக்கும் மரத்துப்போவதும் கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் முதல் அறிகுறிகள். வாந்தி, தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை தொடரும். இதயத்துடிப்பு தாறுமாறாவதே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். தூய அக்கோனிட்டின் 2 மில்லிகிராம் அளவிலேயே ஆளைக் கொல்லக்கூடும். தனி முறிமருந்து கிடையாது. அமியோடரோன் போன்ற துடிப்புச் சீராக்கும் மருந்துகளாலும் தீவிர சிகிச்சையாலும் உயிரைக் காக்க முயல்கிறார்கள்.

பதப்படுத்துதல்

நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது அக்கோனிட்டின் சிதைகிறது. முதலில் பென்சாயில் அக்கோனினாகவும் பிறகு அக்கோனினாகவும் மாறுகிறது. படிக்குப் படி நஞ்சு பன்மடங்கு குறைகிறது. வேதியியல் இதை விளக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீன மருந்தாளர்கள் அனுபவத்தால் இந்த வழியைக் கண்டிருந்தனர்.

ஃபூட்ஸிக்குப் பேர்போன இடம் சிச்சுவான் மாநிலத்தின் ஜியாங்யோ. ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை கிழங்கைத் தோண்டுகிறார்கள். உப்பு விளைந்த பின் எஞ்சும், மெக்னீசியம் குளோரைடு மிகுந்த கசப்பு நீரில் அதை ஊறவைத்து, வேகவைத்து, சீவி, ஆவியில் அவித்து உலர்த்துகிறார்கள். தோலோடு சீவினால் கருவில்லை, தோல் நீக்கிச் சீவினால் வெண்வில்லை. சீன மருந்தியல் நூல் குறிக்கும் அளவு 3 முதல் 15 கிராம். கஷாயம் வைக்கும்போது மற்றச் சரக்குகளுக்கு முன்பே இதைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும் என்பது விதி.

மருத்துவமும் வரலாறும்

பழைய மருந்து நூலான ஷென்நோங் பென்சாவ் ஜிங், சரக்குகளை மூன்று தரமாக்கி, ஃபூட்ஸியை நச்சுத்தன்மை மிக்க கீழ்த்தரத்தில் வைத்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங், கைகால் சில்லிட்டு நாடி ஒடுங்கிய நோயாளிக்கு ஃபூட்ஸி, சுக்கு, அதிமதுரம் மூன்றும் சேர்ந்த கஷாயத்தைக் கூறினார். உடலுக்குச் சூடேற்றும் மருந்தாகவே இது இன்றும் கருதப்படுகிறது.

ஹான் வரலாற்றின்படி, பேரரசர் ஷுவானின் மனைவி சூ பிங்ஜுன் கி.மு. 71இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஃபூட்ஸி கலந்த மாத்திரையால் கொல்லப்பட்டார். கொடுத்தவர் அரண்மனைப் பெண் மருத்துவர். பழஞ்சீனாவில் இக்கிழங்கு அம்பு நஞ்சாகவும் பயன்பட்டது.

கட்டுப்பாடு

ஹாங்காங் சட்டம் பட்டியலிட்டுள்ள 31 நச்சுச் சரக்குகளில் பதப்படுத்தாத சுவான்வூவும் ஃபூட்ஸியும் உள்ளன. ஃபூட்ஸியில் உள்ள ஹிஜெனமின் என்னும் பொருளை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்துள்ளது.

தோட்டத்தில்

மற்றப் பூக்கள் ஓயும் பருவத்தில் பூப்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஜெர்மானியச் செடி வளர்ப்பாளர் கியோர்க் ஆரெண்ட்ஸின் பெயரைத் தாங்கிய 'ஆரெண்ட்சி' புகழ்பெற்ற வகை. ஈரப்பதமுள்ள வளமான மண்ணும் குளிர்ந்த தட்பவெப்பமும் வேண்டும். நஞ்சு தோல் வழியாகவும் ஏறக்கூடும் என்பதால் கையுறை அணிந்தே கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

உறவுச் செடிகள்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வழங்கும் நாபி, இதே பேரினத்தைச் சேர்ந்த இமயமலைச் செடியான அக்கோனிட்டம் ஃபெராக்ஸ். அதையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. கோமூத்திரத்தில் ஊறவைப்பதும் பாலில் வேகவைப்பதும் ஆயுர்வேத நூல்கள் கூறும் முறைகளில் அடங்கும்.