கணக்குக் காட்டாதவர்கள்

ஜனங்களுக்குத் தேர்தல் அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்வது நம் வட்டாரத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகியிருக்கிறது. கவிதைகளில் ஓட்டுப் பெட்டி தவறாமல் சவப்பெட்டியாகிறது. கட்டுரைகளில் அரசியல்வாதி என்ற சொல்லுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை, அதுவே வசவு. அலுப்பு யாருடையது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. அதற்கு நாலு மாதம் முன்னால், 2021 அக்டோபரில், செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் கிராமங்களில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 70க்கும் மேல். சலிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஊரில் வசிக்கிறார்கள். நான் பிழைப்பது இரண்டாவது வகை ஊரில்.

நாவலூர் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது. ஏரியை நம்பி நெல் விளைந்த கிராமம். சிறுசேரியில் சிப்காட் வந்து, சாலை ஆறு வழியாகி, அதற்கு ராஜீவ் காந்தி பெயரும் வைக்கப்பட்ட பிறகு, அடுக்குமாடிகளும் தண்ணீர் லாரிகளுமாக மாறிப்போன இடம். இத்தனை மாடிகளுக்கு நடுவிலும் 2021 தேர்தலின்போது அது ஒரு கிராம ஊராட்சிதான். இங்கே ஒரு வங்கிக் கிளையில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் இன்னும் சாகவில்லை என்பதற்குச் சான்று கொடுக்க வருவார்கள். அப்படி ஒரு நாள் கூட்டத்தில், முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா என்று கேட்க வந்து நின்ற ஒரு கிழவியிடம் பேச்சு தேர்தலுக்குத் திரும்பியது. எவன் வந்தாலும் ஒன்றும் செய்யப் போவதில்லை என்றாள். "அப்புறம் எதுக்கு ஆயா போடறீங்க?" என்றேன். "போடாம வுட்டா செத்துட்டான்னு பேர அடிச்சிடுவாங்க சார்" என்றாள். எதிரே மேஜையில் ஓய்வூதியக்காரர்களின் உயிர்ச் சான்றுகள் அடுக்கியிருந்தன.

நம்பிக்கையில்லாமல் ஓட்டுப் போடுவதும் ஓட்டுப் போட்டுக்கொண்டே நம்பிக்கையில்லாமல் இருப்பதும் நம் அறிவுஜீவிகளுக்கு முரண்பாடாகப் படுகின்றன. சரித்திரத்தைப் பார்த்தால் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது, நம் தலைமுறையில்தான் கெட்டது என்ற கதைக்கு ஆதாரமாக எப்போதும் உத்திரமேரூரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள், முதல் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளைச் சேர்ந்தவை. கி.பி. 919, 921 என்று கணக்கு. வெங்கய்யா முதலில் வெளியிட்டு, பிறகு நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தவை. மேடைகளில் இதைச் சொல்கிறவர்கள் 'அன்றே ஜனநாயகம்' என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். கல்வெட்டைப் படித்துப் பார்த்தால் அது ஜனநாயக உற்சாகத்தின் ஆவணமே அல்ல. சந்தேகத்தின் ஆவணம்.

கால் வேலிக்கு மேல் வரி கொடுக்கிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது. இவை தகுதிகள். (முதல் கல்வெட்டில் வயது 30க்கும் 60க்கும் இடையே.) தகுதிகளைவிட விலக்குகள்தான் சுவாரஸ்யமானவை. முந்தின மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், மகன் என்று உறவு முறை ஒவ்வொன்றாக எண்ணி அடைக்கப்படுகிறது. பிறர் பொருளைத் திருடியவன் கூடாது. இரண்டே வருஷ இடைவெளியில் விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதில் பட்டியல் நீள்கிறது. துஷ்டர்கள் கெட்டு நல்லவர்கள் ஓங்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று காரணமும் சொல்லப்படுகிறது. இரண்டு தடவையும் அரசனுடைய அதிகாரி ஒருவன் கூட இருந்திருக்கிறான். ஒரு சபை எப்போது இப்படி உட்கார்ந்து எழுதும்? கை சுட்ட பிறகுதான்.

குடும்புகள் 30. குடும்புவாரியாக ஓலையில் பெயர் எழுதிக் கட்டி, குடத்தில் இட்டு, சபையார் சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். வாசித்ததும், அங்கிருக்கிற நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும். விரல் இடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்திருக்கலாம் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி ஒளித்தவன் ஒருவனை அவர் பார்த்திருக்கவும் கூடும். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு 360 நாள். அதற்குள் குற்றம் தெரிந்தால் அப்போதே விலக்கிவிடலாம்.

கிரேக்கத்தில் ஏதன்ஸ் நகரத்தார் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பதவிகளில் பெரும்பகுதியைக் குலுக்கலில் கொடுத்தார்கள். பதவி முடிந்தவன் கணக்கு ஒப்படைத்துத் தணிக்கை முடியும்வரை ஊரைவிட்டுப் போக முடியாது. குலுக்கல் ஜனநாயகத்துக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் கருதினார். இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு நாம் மார்தட்ட வேண்டியதில்லை. ஏதன்ஸில் பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றார்கள். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். குடத்துக்குள் போனவை நிலமுள்ள பிராமண ஆண்களின் பெயர்கள் மட்டும். ஏரி வாரியம் பராமரித்த ஏரியின் தண்ணீரில் நின்று நாற்று நட்டவள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. என்றாலும், குடத்துக்குள் இடம் பெற்ற அந்தச் சிலர், ஒருவரை ஒருவர் நம்பத் தேவையில்லாத ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். நம்மிடம் இருப்பது நேர் எதிர்: குடத்துக்குள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, சந்தேகத்துக்குத்தான் விதி இல்லை.

எல்லாருடைய பெயரும் வருவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் ஓட்டுரிமை இருந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம். காங்கிரஸ் பகிஷ்கரித்திருந்தது. போட்டவர்கள் நாலில் ஒரு பங்கு. பிறகு 1952. வயது வந்த அனைவருக்கும் ஓட்டு. அப்போது ஒவ்வொரு அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. சீட்டை வேண்டியவர் பெட்டியில் போட வேண்டும். நாட்டின் பல பாகங்களில் எண்ணுவதற்குப் பெட்டிகளைத் திறந்தபோது சீட்டுகளோடு மனுக்கள், அபேட்சகரை வைது எழுதிய காகிதங்கள், சினிமா நட்சத்திரங்களின் படங்கள், காசுகள்கூடக் கிடந்தன. சிலர் பெட்டியை வணங்கியும் இருக்கிறார்கள். இதைப் பாமரத்தனம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சிரித்தன. எனக்கு அந்த மனுக்களின் மேல் மரியாதை உண்டு. பெட்டிக்குள் சீட்டை மட்டும் போடுவது போதாது, விஷயத்தையும் எழுதிப் போட வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தேர்தல் என்ற ஏற்பாட்டில் இருக்கிற ஊமைத்தனத்தை முதல் தடவையிலேயே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அந்த முதல் தேர்தலின் முடிவும் ஒரு பாடமாகத்தான் இருந்தது. 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. பிரகாசம் எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு உரிமை கோரினார். தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் மேலவைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். செங்கல்பட்டு, வட ஆற்காடு வன்னியர்கள் காமன்வீல் கட்சி என்ற தங்கள் சொந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு ஆறு பேரைச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். கட்சி ராஜாஜியை ஆதரித்தது, தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார், 1954இல் கட்சியே காங்கிரஸில் கரைந்துபோனது. கட்சி தாவல் என்ற சொல் பிரபலமாவதற்கு முன்னாலேயே இந்தப் பிரதேசத்து ஓட்டர் அந்தப் பண்டத்தைப் பார்த்துவிட்டார். 35 வருஷம் கழித்து, 1989 ஜனவரித் தேர்தலைப் புறக்கணிக்கும்படி வன்னியர் சங்கம் அழைத்ததையும் அதே ஜூலையில் அதிலிருந்து ஒரு கட்சி பிறந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புறக்கணிப்பு இங்கே துறவாக இருந்ததில்லை; பேரத்தின் முதல் வாக்கியம்.

காசு விஷயம் புதிதில்லை. 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை ஒரு பஸ் முதலாளியிடம் தோற்றார். வெங்கடாசலபதி படத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கப்பட்டதாகத் திராவிட இயக்கத்தார் சொல்லிச் சொல்லி அது ஒரு ஐதீகமாகவே ஆகிவிட்டது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஐதீகத்தைச் சொல்வதில் அவர்களுக்கே கொஞ்சம் சங்கடம் இருக்கும். பி.ஏ. வகுப்பில் டிக்கன்ஸின் ஈட்டன்ஸ்வில் தேர்தலைப் படித்துச் சிரித்தவன் நான். இங்கிலாந்தில் ரகசிய ஓட்டு வந்தது 1872இல், ஊழல் தடுப்புச் சட்டம் 1883இல். பணம் குறைந்தது ஆங்கிலேயனுக்கு ஞானோதயம் பிறந்ததால் அல்ல, செலவுக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி வந்ததால். காசு வாங்குகிறவனை இகழ்கிற நம் கவிஞர்கள் அவன் என்ன நினைத்து வாங்குகிறான் என்று விசாரித்ததுண்டா? ஐந்து வருஷத்தில் கைக்கு வந்து சேர்கிற ஒரே கணக்கு அதுதான் என்பான்.

மொடக்குறிச்சியை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1996இல் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் விவசாயிகள். ஓட்டுச் சீட்டு புத்தகமாயிற்று. தங்கள் குறையைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது. சர்க்கார் அவர்கள் குறையைக் கேட்டதோ இல்லையோ, அந்த வருஷமே சட்டசபைக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது.

இப்போது ஊராட்சி. தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986இல். அதற்கடுத்தது 1996இல், அதுவும் 73ஆவது திருத்தம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று சொன்ன பிறகு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதன் அறிவிப்பை, இடஒதுக்கீட்டு விதிகளைக் காரணம் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடி வழக்கு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் வந்தது. செங்கல்பட்டுக்கு இல்லை. அந்த நவம்பர் 29ஆம் தேதிதான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகியிருந்தது. பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டுகளை மறுபடி வரைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களைத் தள்ளி வைத்தது. மாவட்டம் கிடைத்தது, ஓட்டுப் போயிற்று. நாவலூரில் ஓட்டு மறுபடி வந்தபோது 2021 அக்டோபர் ஆகியிருந்தது.

ஐந்து வருஷம் ஊருக்குத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. ஒன்றியத்து வட்டார வளர்ச்சி அலுவலரே எல்லா ஊராட்சிகளுக்கும் தனி அலுவலர். மாடிகள் எழுந்ததும் கழிவுநீர் லாரிகள் பெருகியதும் இந்த ஐந்து வருஷத்தில் நிற்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் வையக்கூட ஊரில் ஆள் இல்லை. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எம்.எல்.ஏ.வை யாரும் வீட்டு வாசலில் பிடித்து நிறுத்திக் கேட்க முடியாது. வார்டு உறுப்பினரை டீக்கடையில் வைத்துக் கேட்கலாம். ஐந்து விரலையும் விரிக்கச் சொல்லிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரே பதவி அது. அந்தப் பதவியைத்தான் ஐந்து வருஷம் இல்லாமல் செய்தார்கள்.

2020 டிசம்பர் 10ஆம் தேதி தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிப் பேசிய பிரதமர், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு குறிப்பிட்டார். தமிழ்ப் பத்திரிகைகள் பூரித்தன. அன்றைக்கு உத்திரமேரூர் பேரூராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை அங்கே தனி அலுவலர்தான். குடவோலைச் சுவருக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு ஓட்டுப் போட ஒரு வார்டு இல்லை என்பதைப் பூரித்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாவலூர் சுங்கச்சாவடியில் வசூல் 2023 அக்டோபர் 19ஆம் தேதியோடு நின்றது. முதலமைச்சர் அறிவித்து நிறுத்தினார். பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் 2021லேயே நின்றுவிட்டது. நாவலூர் இரண்டு வருஷம் காத்திருந்தது. ஓட்டுக்காக நிறுத்தினார்கள் என்று கவுண்டரில் ஒருவர் சொன்னார், ஏளனமாக. அதைவிட நல்ல காரணம் என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, வரிசையில் பின்னால் ஆள் நின்றது.

2019இல் ஓட்டுப் போட்ட 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்து வருஷம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் மறுபடி நியமிக்கப்பட்டார்கள்.