கோவாவும் கடல் கடந்து வந்த சாசனங்களும்

1932 ஜனவரியில் கொடி காத்துத் திருப்பூரில் குமரன் வீழ்ந்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதே காலத்தில், மேற்குக் கரையில் வேறோர் ஐரோப்பியச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த கோவா மக்களைப் பற்றி நாம் படித்தது சொற்பமே.

1510இல் பீஜப்பூர் ஆதில்ஷாஹியரிடமிருந்து அல்புகர்க் கைப்பற்றிய நாடு அது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கே உரிமைக்குரல் எழ வழிவகுத்தது போர்ச்சுக்கல் அன்று, ஸ்பெயின். 1812இல் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட சாசனம், கடலுக்கு இருமருங்கும் வாழும் ஸ்பானியர் அனைவரும் ஒரே தேசத்தவர் என்றது. 1820இல் போர்ச்சுக்கல்லில் புரட்சி செய்தோர் அதனையே முன்மாதிரியாகக் கொண்டனர். செய்தி கோவாவை எட்டியதும், 1821 செப்டம்பரில் வைஸ்ராய் பதவி நீக்கப்பட்டார். மறு ஆண்டு லிஸ்பன் மன்றத்திற்குக் கோவா மூன்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் ஒருவரான பெர்னார்தோ பெரஸ் த சில்வா என்னும் கோவாக்காரர், 1835இல் ஆட்சித் தலைவராகவே வந்தார். மூன்று வாரங்கூட அவரை ஆளவிடவில்லை!

அதே மன்றம் பிரேசிலை மீண்டும் அடிமை நாடாக்க முனைந்தபோது, பிரேசில் 1822இல் பிரிந்து சென்றது. கோவாவுக்கோ கிடைத்தது ஆசனம் மட்டுமே.

'கடல் கடந்தும் ஒரே தேசம்' என்ற அந்தக் கொள்கையே பிற்காலத்தில் விலங்காயிற்று. தன்னாட்சி பெறாத பிரதேசங்களைக் குறித்து, அவற்றை ஆளும் நாடுகள் தகவல் தரவேண்டும் என்பது ஐ.நா. சாசனத்தின் 73ஆவது விதி. சலசாரின் அரசு 1951இல் தன் சாசனத்தைத் திருத்திக் 'காலனி' என்ற சொல்லை அகற்றிக் 'கடல் கடந்த மாகாணம்' என்று எழுதிக்கொண்டது. முத்திரையை மாற்றித் தைத்தால் பனியன் வேறாகிவிடாது என்பதை நம் ஊர்த் தையற்காரர் அறிவார். ஐ.நா. பொதுச்சபையும் அறிந்திருந்தது. 1960 டிசம்பர் 15இல் நிறைவேறிய 1542ஆவது தீர்மானம், கோவாவைத் தன்னாட்சியற்ற பிரதேசம் என்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 19இல் போர்ச்சுக்கீசியப் படை இந்தியாவிடம் சரணடைந்தது.

ஆட்சி போயிற்று, சட்டம் போகவில்லை. 1867ஆம் ஆண்டுப் போர்ச்சுக்கீசிய சிவில் சட்டத்தின் குடும்பப் பிரிவுகள், 1962ஆம் ஆண்டு நிர்வாகச் சட்டத்தின் வழியே கோவாவில் தொடர்ந்தன. நமக்குரிய 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அங்கு நீட்டிக்கப்படவில்லை. பொது சிவில் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கோவாவை உதாரணம் காட்டுவோர், அச்சட்டம் எந்த மன்றத்தில் எவருக்காக இயற்றப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.